பாகவதர், சின்னப்பா: யாருடைய சரிவு பெரியது?

தமிழ்த் திரையின் பாட்டு நாயகர் எம்.கே. தியாகராஜ பாகவதர் என்றாலே பேச்சு சிறைக்குப் போய்விடும். பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கு வந்தது, எல்லாம் போனது என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். அதே காலத்தில் பாடி நடித்த பி.யு. சின்னப்பாவைப் பக்கத்தில் நிறுத்திப் பார்த்தால் எனக்கு அந்த ஒரு வரி போதவில்லை.

ஏற்றத்தில் பாகவதருக்கு ஈடு கிடையாது. 1934இல் 'பவளக்கொடி'. 1937இல் 'சிந்தாமணி', 'அம்பிகாபதி' இரண்டும். 1944 தீபாவளிக்கு வந்த 'ஹரிதாஸ்' சென்னை பிராட்வே தியேட்டரில் மூன்று தீபாவளிகளைப் பார்த்தது. அந்த வருடம் டிசம்பரிலேயே கைது. திரையில் குதிரை மேல் 'வாழ்விலோர் திருநாள்' பாடிக்கொண்டு வருகிறார், ஆளோ சிறைக்குள். நினைத்தாலே மனசு பிசைகிறது. வழக்கு அன்றைய உச்ச மேல்முறையீட்டு மன்றமான லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய், 1947இல் நிரபராதியாக வெளியே வந்தார்.

சின்னப்பாவுக்கு அடி முதலிலேயே விழுந்துவிட்டது. நாடகக் கம்பெனியில் பாடிப் பெயர் வாங்கிய பையனுக்கு மகரக்கட்டு, அதாவது வளரும் வயதின் குரல் மாற்றம், வந்து குரல் உடைந்தது. அப்புறம்தான் சிலம்பம், தேகப்பயிற்சி, விடாத சாதகம். 1936இல் 'சந்திரகாந்தா' பெயர் வாங்கித் தந்தும் வாய்ப்புகள் வற்றின. 1940இல் மாடர்ன் தியேட்டர்ஸ் 'உத்தமபுத்திர'னில் இரட்டை வேடம் கொடுத்த பிறகு 'ஆர்யமாலா', 'கண்ணகி' என்று மளமளவென ஏறினார். புதுக்கோட்டையில் அவர் வாங்கிக் குவித்த வீடுகளைப் பார்த்து, இனி வாங்கக் கூடாது என்று சமஸ்தானமே தடுத்ததாக இன்றும் சொல்வார்கள்.

சரி, பாகவதரை வீழ்த்தியது சிறை மட்டும்தானா? அதே வழக்கில் அதே காலம் உள்ளே இருந்தவர் நகைச்சுவை நடிகர் என்.எஸ். கிருஷ்ணன். அவர் 1949இல் 'நல்லதம்பி', 1951இல் 'மணமகள்' என்று எழுந்து நின்றுவிட்டார். பாகவதரின் 'ராஜமுக்தி' 1948இல் தோற்றது. 'அமரகவி', 'சியாமளா' கைகொடுக்கவில்லை. தானே இயக்கிய 'புது வாழ்வு' 1957இல் வந்த சுவடு தெரியாமல் போனது. குரல் கெடவில்லை. காலம்தான் பாட்டிலிருந்து வசனத்துக்கு மாறிவிட்டது. 'வேலைக்காரி' 1949, 'பராசக்தி' 1952. பாட்டை எடுத்துவிட்டால் பாகவதர் படத்தில் என்ன மிஞ்சும் என்று கேட்கவே எனக்கு வலிக்கிறது, ஆனால் கேட்காமல் இருக்க முடியவில்லை. 1959 நவம்பர் 1, 49 வயதில் போய்விட்டார்.

சின்னப்பா அந்த வசன யுகத்தை முழுதாகப் பார்க்கவே இல்லை. 1951 செப்டம்பரில் 35 வயதில் இறந்தார். ஆகவே அவருக்குக் கடைசிச் சரிவு என்று ஒன்று இல்லை என்பதை அவருடைய வெற்றியாகக் கணக்கில் எழுதுவது நியாயமில்லை. இருந்திருந்தால் தாக்குப்பிடித்திருப்பார் என்றுதான் நம்புகிறேன். 1949இல் 'மங்கையர்க்கரசி'யிலேயே மூன்று வேடம் கட்டிவிட்டாரே. அதைவிட, 1944இல் வந்த 'ஜகதலப்பிரதாப'னின் கச்சேரிக் காட்சியைப் பாருங்கள். ஒரே மேடையில் ஐந்து சின்னப்பா. நடுவில் ஒருவர் பாட, மற்ற நால்வரும் பக்கவாத்தியம். கம்ப்யூட்டர் கிராபிக்ஸ் இல்லாத காலம். பாடுகிறவர் வேறு, மிருதங்கம் வாசிக்கிறவர் வேறு என்று முகத்திலேயே பிரித்துக் காட்டுகிறார். ஒரு சின்னப்பா தாளத்துக்குத் தலையாட்டும்போது இன்னொருவரைப் பார்த்து ஆமோதிக்கிறார். அந்தப் பக்கம் யாருமே உட்கார்ந்திருக்கவில்லை என்பது நமக்கு மறந்தே போகிறது.