லாஃபித்தும் மூட்டோனும்: பங்காளிப் போட்டி

பிரான்சின் போர்தோ பகுதியில், போயாக் ஊரில் அடுத்தடுத்த ஒயின் தோட்டங்கள் இவை. வங்கித் தொழிலில் பேர்போன ரோத்ஸ்சைல்ட் குடும்பத்தின் ஒரு கிளை 1853இல் மூட்டோனை வாங்கியது. இன்னொரு கிளை 1868இல் லாஃபித்தை. போர்தோ ஒயின்களுக்கான 1855 தரவரிசை லாஃபித்துக்கு முதல் தரம் தந்தது, மூட்டோனுக்கு இரண்டாம் தரம்தான். பங்காளிகளுக்குள் புகைய வேறென்ன வேண்டும்? மூட்டோனின் பிலிப் பிரபு பல்லாண்டுகள் விடாமல் போராடினார். 1973இல் வேளாண் அமைச்சர் ஜாக் சிராக் கையெழுத்திட்ட பிறகே அது முதல் தரமானது.

அந்த ஆண்டுப் புட்டியில் பிக்காசோவின் ஓவியம். 1945 முதலே மூட்டோன் லேபிளுக்குப் பெரும்பாலும் ஆண்டுக்கொரு ஓவியர். லாஃபித் லேபிளிலோ மாளிகையின் பழைய கோட்டுச் சித்திரம் மட்டும். பிறவிப் பணக்காரருக்கு அலங்காரம் எதற்கு என்ற மிடுக்கு! மதிப்பில் லாஃபித் ஒரு படி மேல் என்பவர்கள் உண்டு. எனக்கென்னவோ முட்டி மோதி மேலேறிய மூட்டோன்மேல்தான் பிரியம்.