துணிச்சலான தலைமைக்குக் குவாண்டம்: எது தேறும், எது தேறாது?

வணிகத் தலைமை பற்றிப் பேசுவோர் அணுவளவிலான உலகை விளக்கும் குவாண்டம் இயற்பியலிலிருந்து பெரும்பாலும் நான்கு கருத்துகளை இரவல் வாங்குகிறார்கள்: நிச்சயமின்மை, பிணைப்பு, மேற்பொருந்துதல், அளவீடு. எலக்ட்ரானின் விதி நிறுவனத்தை ஆள்வதில்லை; இவை வெறும் உவமைகள். ஆனாலும் தவறான உவமை தவறான முடிவுக்கு இழுத்துச் செல்லும் என்பதால் நான்கையும் உரசிப் பார்ப்பது நல்லது.

நிச்சயமின்மைதான் அதிகம் திரிக்கப்பட்டது. ‘எதையும் உறுதியாக அறிய முடியாது, ஆகவே உள்ளுணர்வை நம்பி இறங்கு’ என்று இயற்பியலாளர் ஹைசன்பர்க் பெயரால் சொல்லப்படும்போது எனக்குக் கோபமே வருகிறது. 1927-இல் அவர் முன்வைத்தது வேறு. ஒரு துகளின் இடம் எவ்வளவு துல்லியமாகிறதோ, அந்த அளவுக்கு அதன் உந்தம் (நிறையும் திசைவேகமும் பெருக்கிய அளவு) துல்லியம் இழக்கும். இரண்டின் துல்லியக்குறைவையும் பெருக்கினால் அது எந்த எல்லைக்குக் கீழே இறங்காது என்பதை, பிளாங்க் மாறிலி என்ற இயற்கையின் நிலையான எண்ணைக் கொண்டு கணக்கிட்டுவிடலாம். அறியாமைக்கே அளவு சொல்லும் கோட்பாடு அது. எது தெரியாது, எந்த அளவுக்குத் தெரியாது என்று கணக்குப் பார்த்துவிட்டுத் துணிபவருக்கு இது உதவும். கணக்குப் பார்க்கத் தயங்குபவருக்குச் சாக்காகாது.

பிணைப்பைத் தயங்காமல் கழித்துவிடலாம். பிணைந்த துகள்களின் அளவீடுகள் எவ்வளவு தொலைவிலும் ஒன்றோடொன்று தொடர்புபட்டிருக்கும். 2022-இன் இயற்பியல் நோபல் பரிசு இதை நிறுவிய சோதனைகளுக்கே கிடைத்தது. ஆனால் அந்தப் பிணைப்பை மட்டும் கொண்டு ஒரு செய்திகூட அனுப்ப முடியாது. தலைவரின் மனமாற்றமும் ஊழியர்களைத் தானாகச் சென்றடையாது. வாய் திறந்து சொல்லத்தான் வேண்டும்.

உண்மையான போட்டி மற்ற இரண்டுக்கும் இடையேதான். மேற்பொருந்துதல், அதாவது ஒரு துகள் அளக்கப்படும் வரை பல நிலைகளில் ஒருசேர இருப்பது, ‘எல்லா வழிகளையும் திறந்து வை’ என்கிறது. புதிய துறையில் கால் வைக்கும்போது இது நல்ல அறிவுரை. ஆனால் இயற்பியலில் மேற்பொருந்திய நிலை மிகவும் மெல்லியது. சூழலோடு சற்று உரசினாலே கலைந்துவிடும் என்பதால்தான் பல குவாண்டம் கணினிகளைத் தனிச்சுழி வெப்பநிலையை (இதற்குக் கீழே குளிர முடியாத எல்லையை) ஒட்டிக் குளிர்விக்கிறார்கள். சந்தையில் அப்படி ஒரு குளிர்பெட்டி இல்லை. ஃபிலிம் தயாரித்த கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர் 1975-லேயே டிஜிட்டல் கேமராவை உருவாக்கிவிட்டார். பின்னர் நிறுவனம் டிஜிட்டலில் பணமும் போட்டது. ஆனால் ஃபிலிம் தந்த லாபத்தைக் கைவிட அதற்கு மனம் வரவில்லை. இரண்டு நிலைகளிலும் ஒருசேர நின்ற அந்த நிறுவனத்துக்காகச் சூழலே முடிவெடுத்தது. 2012 ஜனவரியில் அது திவால் பாதுகாப்புக் கோரியது.

அளவீடு இதற்கு நேர்மாறானது. எந்தக் கருவியை வைக்கிறோம் என்பதைப் பொறுத்தே ஒளி அலையாகவோ துகளாகவோ வெளிப்படுகிறது. ஒன்றைத் தேர்ந்தால் மற்றொன்று அந்தச் சோதனையில் மறைந்துவிடும் என்பதே நீல்ஸ் போர் என்ற இயற்பியலாளரின் நிரப்புத்தன்மைக் கருத்து. எனவே துணிச்சல் விடையில் தொடங்குவதில்லை, கேள்வியைத் தேர்வதிலேயே தொடங்குகிறது. 1985-இல் கணினிச் சில்லு நிறுவனமான இன்டெல்லின் நினைவகச் சில்லு வணிகம் ஜப்பானியப் போட்டியில் தேய்ந்துகொண்டிருந்தது. அதை எப்படிக் காப்பாற்றுவது என்று ஏறத்தாழ ஓராண்டு தத்தளித்த பிறகு அதன் தலைவர்களில் ஒருவரான ஆண்டி குரோவ், தலைமைச் செயல் அதிகாரி கார்டன் மூரிடம் கேள்வியையே மாற்றிக் கேட்டார்: நம்மை நீக்கிவிட்டுப் புதிய தலைவரைக் கொண்டுவந்தால் அவர் என்ன செய்வார்? நினைவகத்தை விட்டு வெளியேறுவார் என்றார் மூர். அதையே அவர்கள் செய்தார்கள்.

ஆகவே என் தேர்வு அளவீடுதான். ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஒரு குவாண்டம் அமைப்பை இடைவிடாமல் அளந்துகொண்டே இருந்தால் அது மாறாமல் உறைந்துபோகும் என்று 1977-இல் இயற்பியலாளர்கள் மிஸ்ராவும் சுதர்சனும் காட்டினார்கள். முளைவிடும் திட்டத்திடம் தினமும் அறிக்கை கேட்கும் தலைவரைப் பார்க்கும்போதெல்லாம் இது என் நினைவுக்கு வருகிறது. அந்தப் பருவத்தில் மேற்பொருந்துதலே மேல். இன்னொன்று, அளந்த பிறகு பழைய நிலை திரும்பக் கிடைக்காது. நினைவகத்தை விட்டு விலகிய இன்டெல்லில் பலர் செய்துவந்த வேலையின் போக்கே மாறியது. ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 1986-இல் நிறுவனம் நஷ்டத்தில் நின்றது. கேள்வியை மாற்றிக் கேட்டவர்கள் அந்த ஆண்டையும் கடக்க வேண்டியிருந்தது.