துணி நல்ல துணி. நூல் எந்த மில்?

அண்ணன் மகளுக்காக வாங்கிய மூன்று டி-ஷர்ட் கொண்ட செட் இது. விலை 1,350 ரூபாய். ‘ஆர்கானிக் பருத்தி’, ‘குழந்தைத் தொழிலாளர் இல்லாமல் தயாரித்தது’ என்று அட்டையில் போட்டிருக்கிறார்கள். இரண்டாவது வரியைப் பார்த்துத்தான் இவ்வளவு விலை கொடுத்தேன். அதனால் இங்கேயும் அதைப் பற்றித்தான் அதிகம் எழுதப் போகிறேன்.

முதலில் துணி. திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட்டில் நூல் ஸ்டோர் பார்த்தவன் நான். கையில் எடுத்ததுமே கோம்ப்டு நூல், அதாவது குட்டை இழைகளைச் சீவி எடுத்துவிட்டு நூற்றது, என்று தெரிந்தது, பிசிறே இல்லை. துவைத்த பிறகு நீளம் கொஞ்சம் குறைந்தது. ஆனால் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு முன்னால் வரவில்லை. கழுத்து ரிப் தளரவில்லை. மஞ்சள் மட்டும் லேசாக வெளுக்கிறது.

அடுத்து அட்டையில் இருக்கும் வாசகம். நூல் எந்த மில்லில் நூற்றது என்று கடைக்கு மெயில் போட்டுக் கேட்டேன். தையல் யூனிட்டில் வருடா வருடம் ஆடிட் நடக்கிறது, அங்கே 18 வயதுக்குக் குறைந்தவர்கள் யாரும் இல்லை என்று பதில் வந்தது. சரி, நம்புகிறேன். ஆனால் நான் கேட்டது அதை இல்லையே? மறுபடி எழுதினேன். நூல் வெளியிலிருந்து வருகிறது, அந்த விவரம் எங்களிடம் இல்லை என்றார்கள்.

இந்தப் பதிலைத்தான் ஏற்க முடியவில்லை. நூல் சுற்றிய கோன் வரும் பெட்டியிலேயே மில் பெயர், கவுன்ட் (நூலின் பருமன்), லாட் நம்பர் (எந்தத் தொகுதியில் நூற்றது என்ற எண்) எல்லாம் இருக்கும். இரண்டு லாட் நூலைக் கலந்து ஓட்டிவிட்டால், சாயம் போட்டதும் துணியில் பட்டை பட்டையாகக் கோடு விழும். அதனால் லாட் நம்பரை நோட்டில் எழுதாமல் ஒரு கோனைக்கூட மெஷினில் ஏற்ற விடமாட்டோம். சாயம் ஒழுங்காக ஏறுவதற்காக இவ்வளவு பத்திரமாக வைத்திருக்கும் விவரம், நூற்றது யார் என்று கேட்டால் மட்டும் எப்படி இல்லாமல் போகும்? துணி ஓட்டிய யூனிட்டுக்கு ஒரு போன் போட்டால் தெரிந்துவிடும்.

நூலைப் பிடித்துக்கொண்டு ஏன் இவ்வளவு கேட்கிறேன் என்றால், நம் பக்கத்தில் பிள்ளைகள் மாட்டிக்கொண்டது பெரும்பாலும் நூல் மில்லில்தான். சுமங்கலித் திட்டம் பலருக்கு நினைவிருக்கும். மூன்று வருடம் மில் விடுதியில் தங்கி வேலை செய்தால் கல்யாணச் செலவுக்கு 30,000, 50,000 என்று மொத்தமாகத் தருவோம் என்று ஏஜென்ட் ஊர் ஊராக வந்து சொல்வார். அது கூலியில் பிடித்து வைக்கும் பணம்தான். நடுவில் வேலையை விட்டால் அதுவும் கைக்கு வராது. எங்கள் சித்தி மகள் பத்தாவது முடித்த கையோடு அப்படிப் போனாள். வாரத்தில் ஒரு நாள்தான் போன், அதுவும் வார்டன் பக்கத்திலேயே நிற்பார். ‘நல்லா இருக்கேன்’ என்பதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. பஞ்சுத் தூசியில் இருமல் பிடித்து, மூன்று வருடம் முடிவதற்குள் திரும்பிவிட்டாள். சொன்ன தொகை கடைசிவரை வரவே இல்லை.

ஒரு வீட்டுக் கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2014இல் நெதர்லாந்தின் சோமோ என்ற, பெரிய நிறுவனங்களை ஆராயும் அமைப்பு, தமிழ்நாட்டின் ஐந்து நூல் மில்களில் வேலை செய்தவர்களிடம் பேசி அறிக்கை வெளியிட்டது. பாதிக்கு மேற்பட்டவர்கள் 18 வயதாகும் முன்பே மில்லில் சேர்ந்தவர்கள். அந்த மில்களின் நூல் வெளிநாட்டுப் பெரிய பிராண்டுகளின் துணிக்குப் போய்க்கொண்டிருந்தது. தையல் யூனிட்டோடு நின்றுவிடும் ஆடிட்டில் இது எதுவும் தெரிய வராது.

செய்ய முடியாத காரியமும் இல்லை. மில்லில் பெண்களுக்கு நடக்கும் தொல்லையைத் தடுக்க 2022இல் கையெழுத்தான திண்டுக்கல் ஒப்பந்தமே அதற்குச் சாட்சி. பெண்கள் தலைமையில் நடக்கும் டிடிசியு தொழிற்சங்கமும் எச்&எம், கேப், பிவிஎச் போன்ற நிறுவனங்களும் அதில் சேர்ந்தன. தையல் பிரிவோடு நூல் மில்லும் அதில் சேர்த்தி. வெளியாள் வருடத்தில் ஒரு நாள் வந்து பார்த்துவிட்டுப் போவதை நம்பியிராமல், கூட வேலை செய்யும் பெண்களே கண்காணிப்பாளர்களாக இருந்து புகாரை எடுத்துப் போனார்கள். என் சித்தி மகளுக்கு அப்படி ஒரு அக்கா பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒன்று. ஜிஓடிஎஸ் (ஆர்கானிக் துணிக்கான சர்வதேசச் சான்று) முத்திரை இருந்தால் அதன் கீழே சான்று தந்த நிறுவனத்தின் பெயரும் உரிம எண்ணும் இருக்க வேண்டும். அந்த எண்ணை இணையத்தில் போட்டுச் சரிபார்க்கலாம். நூற்பு உட்பட எல்லாக் கட்டமும் அந்தச் சான்றுக்குள் வரும். இந்த டி-ஷர்ட்டில் அந்த முத்திரை இல்லை. இலை போட்டு இவர்களே அடித்த படம்தான் இருக்கிறது.

துணிக்காக ஐந்துக்கு மூன்று நட்சத்திரம் தருகிறேன். மில்லின் பெயரையும் ஊரையும் கடை எழுத்தில் தந்தால் விசாரித்துவிட்டு இதே இடத்தில் திருத்தி எழுதுகிறேன். அதுவரை இவர்களிடம் அடுத்த செட் வாங்குவதாக இல்லை. நீங்கள் வாங்குவதாக இருந்தால் ஆர்டர் போடும் முன் இதே கேள்வியை மெயிலில் கேளுங்கள். நிறையப் பேர் கேட்டால் அந்த நோட்டைத் திறந்து பார்ப்பார்கள்.