சவுத்தாம்ப்டனில் கப்பல் ஏற: ரயிலா, கோச்சா, காரா?

லண்டனில் இருக்கிற நம்மவர்கள் யாராவது முதல் முறையாகக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் போட்டால், அடுத்த வாரமே வருகிற கேள்வி இதுதான்: சவுத்தாம்ப்டனுக்கு எதில் போவது? நான் மூன்று விதமாகவும் போயிருக்கிறேன். முதல் தடவை அம்மா அப்பாவோடு ரயிலில், அடுத்து மனைவியோடு கோச்சில், அதாவது நெடுந்தூரப் பேருந்தில், கடைசியாக மைத்துனர் குடும்பமும் சேர்ந்துகொண்டதால் பெரிய காரில். மூன்றிலும் நல்லதும் பட்டேன், கெட்டதும் பட்டேன். எனக்குப் பிடித்தது ரயில்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் எல்லோரும் ரயில் கட்டணத்தையும் கோச் கட்டணத்தையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்து முடிவு எடுக்கிறார்களே, அங்கேதான் தப்பு நடக்கிறது. லண்டனிலிருந்து சவுத்தாம்ப்டன் வரை யாருக்கும் பெரிய கஷ்டம் இல்லை. கஷ்டமெல்லாம் ஸ்டேஷனிலிருந்து கப்பல் வரையுள்ள கடைசி இரண்டு மூன்று கிலோமீட்டரில் இருக்கிறது.

முதலில் ரயில். லண்டன் வாட்டர்லூ ஸ்டேஷனிலிருந்து சவுத்தாம்ப்டன் சென்ட்ரல் ஸ்டேஷன் சுமார் 127 கிலோமீட்டர், வேகமான ரயில் 1 மணி 20 நிமிடத்தில் கொண்டுபோய் விட்டுவிடும். சாதாரண நாளில் மணிக்கு இரண்டு ரயிலாவது இருக்கும், அதனால் ஒன்று போனால் அடுத்தது உண்டு. வாட்டர்லூ வரை போவதும் நினைக்கிற அளவு சிரமம் இல்லை. ஈஸ்ட் ஹாம் பக்கம் இருப்பவர்கள் சுரங்க ரயிலின் டிஸ்ட்ரிக்ட் லைனில் வெஸ்ட் ஹாம் வந்து ஜூபிலி லைன் பிடிக்கலாம், ஹாரோ பக்கம் என்றால் வெம்ப்ளி பார்க்கில் மெட்ரோபாலிட்டனிலிருந்து ஜூபிலிக்கு மாறினால் நேராக வாட்டர்லூ. தென்மேற்கு லண்டன்காரர்களுக்கு வாட்டர்லூவே தேவையில்லை, பல ரயில்கள் கிளாப்பம் ஜங்ஷனில் நிற்கின்றன, அங்கே லிஃப்டும் இருக்கிறது.

கட்டணத்தில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. மூன்று முதல் ஒன்பது பேர் சேர்ந்து நெரிசல் இல்லாத நேரத்தில் போனால் குரூப்சேவ் என்று மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி கிடைக்கும், அதற்கு எந்தக் கார்டும் வேண்டாம். இரண்டே பேர் என்றால் டூ டுகெதர் ரயில்கார்டு, ஆண்டுக்கு 35 பவுண்டு, அதே மூன்றில் ஒரு பங்கு குறையும், வார நாட்களில் காலை ஒன்பதரைக்குப் பிறகுதான் செல்லும். ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா அப்பா அறுபது தாண்டியவர்கள் என்றால் சீனியர் ரயில்கார்டும் வாங்கலாம், ஆனால் ஒரே ஒரு பயணத்துக்கு அது கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.

சரி, பெட்டிகள். வாட்டர்லூவில் எந்த பிளாட்ஃபார்ம் என்று பலகையில் கடைசிச் சில நிமிடங்களில்தான் போடுவார்கள், போட்டவுடன் கூட்டம் மொத்தமும் ஒரே பக்கம் நடக்கும். வயதானவர்களோடு அந்த நடையில் மாட்டிக்கொள்ள வேண்டாம். பாசெஞ்சர் அசிஸ்ட் என்ற உதவியை இரண்டு மணி நேரம் முன்னால் சொன்னால் போதும், இலவசம். சக்கர நாற்காலி, சாய்வுப்பலகை எல்லாம் கொண்டு வந்து, இறங்குகிற ஸ்டேஷனுக்கும் சொல்லிவிடுவார்கள். அப்பாவுக்கு இதைக் கேட்கவே கூச்சமாக இருந்தது, நான் என்ன கிழவனா என்றார், ஆனால் ஏறி உட்கார்ந்த பிறகு அவர்தான் முதலில் நன்றி சொன்னார். ரயிலில் உட்கார்ந்துவிட்டால் அப்புறம் சுகம்தான். அம்மா கட்டிக்கொண்டு வந்த புளியோதரையை பேசிங்ஸ்டோக் வருவதற்குள் முடித்துவிட்டோம். முடித்ததும் நல்லதாயிற்று, ஏனென்றால் வீட்டில் சமைத்த சாப்பாட்டைப் பெரும்பாலான கப்பல்களில் உள்ளே விடமாட்டார்கள்.

இப்போது அந்தக் கடைசி மூன்று கிலோமீட்டர். சவுத்தாம்ப்டனில் கப்பல் நிற்கும் இடம், அதாவது டெர்மினல், ஒன்று இல்லை, ஐந்து. மேற்குப் பக்கம் சிட்டி, மேஃப்ளவர், அப்புறம் 2021-ல் திறந்த ஹொரைசன். கிழக்குப் பக்கம் ஓஷன், க்வீன் எலிசபெத் 2. மேற்கில் இருக்கும் டெர்மினல்கள் சென்ட்ரல் ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் அளவில் இருக்கின்றன, உருளும் பெட்டி ஒன்றே ஒன்று வைத்திருக்கும் இளசுகள் நடந்தே போய்விடலாம். கிழக்கு டெர்மினல்கள் அப்படி இல்லை, நகரத்தைச் சுற்றிக்கொண்டு மறுமுனைக்குப் போக வேண்டும், பெட்டியோடு நடக்கிற தூரம் அது இல்லை. நான் இதைப் பார்க்காமலே போனேன். ரயில் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது, இறங்கினோம், வெளியே டாக்ஸி வரிசையைப் பார்த்தவுடன் வயிற்றைக் கலக்கியது. அன்றைக்குத் துறைமுகத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட கப்பல், எல்லாருக்கும் அதே மதிய நேரம். ஐந்தாயிரம் பேர் ஏறுகிற கப்பல்கள் இப்போது சாதாரணமாகிவிட்டன, அதில் சிறு பங்கு ரயிலில் வந்தாலே ஸ்டேஷன் வாசல் நிறைந்துவிடும். நாற்பது நிமிடத்துக்கு மேல் நின்றோம். அம்மா பெட்டி மேலேயே உட்கார்ந்துவிட்டார். பத்து பவுண்டு சவாரிக்காக அந்த நிற்பு.

அதனால் ரயில் என்று முடிவு செய்கிறவர்கள் ரயில் டிக்கெட்டுக்கு முன்னால் செய்ய வேண்டியது இரண்டு: எந்த டெர்மினல், எந்த டாக் கேட் (துறைமுக நுழைவாயில்) என்று பார்த்துக்கொள்வது (கிழக்குக்கு கேட் 4, மேற்குக்கு 8 அல்லது 10), உள்ளூர் டாக்ஸி ஒன்றை ரயில் வரும் நேரத்துக்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது. டெர்மினல் கடைசி நேரத்தில் மாறுவதும் உண்டு, புறப்படும் வாரத்தில் துறைமுகத்தின் கப்பல் அட்டவணையை இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

இந்த ஊர்தான் ஒரு காலத்தில் ரயிலையும் கப்பலையும் ஒட்டவைத்த ஊர் என்பதை நினைத்தால் எனக்கு மனசு கேட்பதில்லை. லண்டன் – சவுத்தாம்ப்டன் பாதை முழுதாகத் திறந்தது 1840-ல். 1912 ஏப்ரல் 10 அன்று டைட்டானிக் பயணிகள் வாட்டர்லூவில் ரயில் ஏறிக் கப்பல் பக்கத்திலேயே இறங்கினார்கள். 1950-ல் கட்டிய பழைய ஓஷன் டெர்மினலுக்குள்ளும் ரயில் போய் நின்றது. பிறகு ஆட்கள் விமானத்துக்குப் போய்விட்டார்கள், கிழக்குத் துறைகளுக்குப் பக்கத்தில் இருந்த டெர்மினஸ் ஸ்டேஷனை 1966-ல் மூடிவிட்டார்கள். இன்று கப்பல் கூட்டம் திரும்பி வந்துவிட்டது, ஸ்டேஷன் திரும்பி வரவில்லை. அந்த டாக்ஸி வரிசைக்கு மூலகாரணம் இதுதான்.

ரயிலின் இன்னொரு பலவீனம் ஞாயிற்றுக்கிழமை. பாதை பராமரிப்பு வேலைகளைப் பெரும்பாலும் வார இறுதியில், அதுவும் ஞாயிறுகளில்தான் வைப்பார்கள், அன்றைக்கு பாதி வழியில் இறக்கி மாற்றுப் பேருந்தில் ஏற்றுவார்கள். இரண்டு பெரிய பெட்டியோடு ரயிலிலிருந்து பேருந்துக்கும் பேருந்திலிருந்து ரயிலுக்கும் மாறுவதை நினைத்துப் பாருங்கள். இந்த வேலைகளைச் சில வாரங்கள் முன்பே அறிவித்துவிடுகிறார்கள், கப்பல் நாள் ஞாயிறு என்றால் அதைப் பார்க்காமல் டிக்கெட் எடுக்கவே கூடாது. கிறிஸ்துமஸ் பயணம் போகிறவர்களுக்கு: டிசம்பர் 25 அன்று ரயிலே கிடையாது, 26-லும் இருக்கும் என்று நம்பிப் போகாதீர்கள்.

கோச் என்றால் விக்டோரியா கோச் ஸ்டேஷனிலிருந்து. ரயிலைவிட ஏறக்குறைய ஒரு மணி நேரம் கூடுதல், எம்3 சாலையில் விபத்து ஏதாவது என்றால் இன்னும் கூடும், ஆனால் காசு குறைவு. எனக்குப் பிடித்தது பெட்டி விஷயம். நேஷனல் எக்ஸ்பிரஸ் நிறுவனத்தின் கோச்சில் ஆளுக்குத் தலா 20 கிலோ அளவில் இரண்டு பெட்டி பொதுவாக அனுமதி, டிரைவர் கீழே வயிற்றுப் பகுதியில் வைத்துவிடுவார், நாம் தூக்கிக்கொண்டு இடம் தேட வேண்டாம். சில கப்பல் நாட்களில் கோச் நேராக டெர்மினல் வாசலுக்கே போகிறது, அப்படி ஒன்று உங்கள் தேதிக்கு அமைந்தால் மேலே நான் புலம்பிய டாக்ஸி வரிசை முழுதும் காணாமல் போய்விடும். அமையாவிட்டால் நகரத்து கோச் ஸ்டேஷனில் இறங்கி மறுபடி டாக்ஸிதான், அப்போது ரயிலுக்கும் கோச்சுக்கும் அந்த விஷயத்தில் வித்தியாசமே இல்லை, நேரம்தான் நஷ்டம். கால் நீட்ட முடியாமல் இரண்டரை மணி நேரம் உட்காருவதும் முட்டிவலிக்காரர்களுக்கு ஆகாது.

ஒரே ஒரு சூழ்நிலையில் யோசிக்காமல் கோச் என்பேன். சென்னையிலிருந்து ஹீத்ரோவில் வந்து இறங்கி அங்கிருந்தே கப்பலுக்குப் போகிறவர்கள். விமான நிலையத்திலேயே கோச் ஏறி இரண்டு மணி நேரம் சொச்சத்தில் சவுத்தாம்ப்டன் போய்விடலாம், லண்டனுக்குள் நுழைந்து வாட்டர்லூ போய் மறுபடி வெளியேறும் சுற்று வேண்டாம். ஆனால் அதே நாளில் கப்பல் ஏறுகிற மாதிரி விமானம் போடாதீர்கள். ஒரு இரவு சவுத்தாம்ப்டனில் தங்குங்கள், ஹோட்டல் காசு போனாலும் தூக்கம் வரும்.

கார் பற்றிச் சுருக்கமாகவே சொல்லலாம், அதன் நல்லது எல்லோருக்கும் தெரிந்ததுதான். வீட்டு வாசலில் ஏறி டெர்மினல் வாசலில் இறங்கலாம், இறங்கியவுடன் போர்ட்டர் பெட்டிகளை வாங்கிக்கொள்வார், அப்புறம் பெட்டியை அறையில்தான் பார்ப்பீர்கள். சில டெர்மினல்களில் சாவியையே ஒப்படைத்துவிட்டுப் போகலாம். பார்க்கிங் காசுதான் கடிக்கும், ஒரு வாரத்துக்கே நூறு பவுண்டைத் தாண்டிவிடும், அதனால் நான்கைந்து பேர் பங்கு போட்டால்தான் நியாயமாக வரும். சில கப்பல் நிறுவனங்கள் கூடுதல் கட்டண வகையில் டிக்கெட் எடுத்தால் பார்க்கிங்கையோ கோச் பயணத்தையோ சேர்த்தே தருகின்றன, கார் பார்க்கிங் தனியாகப் பதிவு செய்வதற்கு முன் அதைக் கேட்டுக்கொள்ளுங்கள். மினிகேப் வைத்துக்கொண்டால் பார்க்கிங் மிச்சம், ஆனால் போகவும் வரவும் இரண்டு தடவை கொடுக்க வேண்டும், நீண்ட பயணத்துக்குத்தான் அது பொருந்தும். காரில் ஒரு கவலை, ஓட்டுகிறவர். மைத்துனர் கப்பலிலிருந்து இறங்கிய காலை, சரியான தூக்கம் இல்லாமல் எம்3-ல் ஓட்டியதை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன், அந்த ஒன்றே முக்கால் மணி நேரமும் எனக்குக் கண் மூடவில்லை.

திரும்பும் பயணத்தை யாரும் யோசிப்பதில்லை. கப்பல் விடியற்காலையில் வந்துவிடும், ஆனால் நம்மை எப்போது இறக்குவார்கள் என்பது நம் கையில் இல்லை, ஏழரையும் ஆகலாம், பத்தும் ஆகலாம். அதனால் போகும்போது குறிப்பிட்ட ரயிலுக்கான மலிவான அட்வான்ஸ் டிக்கெட் எடுங்கள், திரும்பும்போது எடுக்காதீர்கள். இணைப்பு ரயில் தாமதத்தால் அட்வான்ஸ் ரயிலைத் தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிக்கொள்வார்கள், கப்பல் தாமதத்துக்கு அந்தச் சலுகை இல்லை. வார நாளில் திரும்பினால் காலை நெரிசல் நேரத்தில் ஆஃப்-பீக் டிக்கெட் செல்லாது என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.

எதில் போனாலும் ஒன்று. கப்பல் நமக்காக நிற்காது. செக்-இன் பொதுவாகப் புறப்பாட்டுக்கு ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம் முன்பே மூடிவிடும். ரயில் தாமதமானால் டிலே ரிபே என்று டிக்கெட் காசில் ஒரு பகுதி வரும், ஒரு மணி நேரத்துக்கு மேல் என்றால் அந்தப் பயணத்தின் காசு முழுதும் வரும், ஆனால் போன கப்பலின் காசை அது தராது. பயணக் காப்பீட்டில் பொதுப் போக்குவரத்துக் கோளாறால் புறப்பாட்டைத் தவறவிட்டதற்கு இழப்பீடு உண்டா என்று பாலிசியைத் திறந்து படியுங்கள், இருந்தாலும் போதிய அவகாசம் வைத்துக் கிளம்பியிருந்தால்தான் பேச்சு.

போன வாரம் ஹாரோவிலிருந்து நண்பர் ஒருவர் கேட்டார். அவரும் மனைவியும் இரண்டு குழந்தைகளும், திருச்சியிலிருந்து வந்திருக்கும் அவர் அம்மாவுக்கு முட்டி வலி, நார்வே போகிற கப்பல், க்வீன் எலிசபெத் 2 டெர்மினல், ஞாயிற்றுக்கிழமை. இவ்வளவு ரயில் புராணம் பாடுகிற நானே அவருக்குக் கார் என்றுதான் சொன்னேன். அம்மாவுக்கு ஷெங்கன் விசா எடுத்தாயிற்றா என்று கேட்டேன், இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு நார்வேயில் இறங்க அது வேண்டும். எடுத்தாயிற்றாம். கூட வருகிற தம்பி மட்டும் தனி ஆள், ஒரே பெட்டி, ரயிலில் வருகிறேன் என்கிறானாம். வரட்டும், ஆனால் சனிக்கிழமை ரயிலில் வரச் சொல்லுங்கள் என்றேன்.