தோவாளையா, குலசேகரமா?

பணி ஓய்வுக்குப் பிறகு கன்னியாகுமரி மாவட்டத்தில் குடியேற நினைப்பவர்கள் மனையின் விலையையும் பேருந்து வசதியையும் விசாரிக்கிறார்களே தவிர, ஆடி மாதத்தில் அங்கே காற்றும் மழையும் எப்படியிருக்கும் என்று கேட்பதில்லை. 1,700 சதுர கிலோமீட்டர்கூட நிரம்பாத மாவட்டத்தில் எங்கே இருந்தால் என்ன என்பது அவர்கள் எண்ணம். கிழக்கே தோவாளை, ஆரல்வாய்மொழி வட்டாரத்தையும், மேற்கே குலசேகரம், பேச்சிப்பாறை வட்டாரத்தையும் ஒரே ஆடியில் பார்த்தவர் அப்படி எண்ண மாட்டார்.

தென்மேற்குப் பருவத்தில் கடலிலிருந்து ஏறிவரும் மேகங்கள், மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவில் மோதி, மழையின் பெரும்பங்கைக் குலசேகரம் பக்கத்திலேயே இறக்கிவிடுகின்றன. ஈரம் குறைந்த காற்று, மலைத்தொடர் விட்டுக்கொடுக்கும் ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்குண்டு வேகம் கூடி வெளிவருகிறது. முப்பந்தலில் காற்றாலைகள் வரிசை வரிசையாக நிற்பது அதனால்தான். ஆகவே ஒரே நாளில் மேற்கே உள்ளவர் துணி உலரவில்லை என்று வருந்த, கிழக்கே உள்ளவர் கொடியில் போட்ட துணியைத் தேடிக்கொண்டிருப்பார். ஐப்பசி மழை மட்டும் இரு பக்கமும் பெய்யும்.

குலசேகரத்தின் பெருமை பசுமை. இரண்டு பருவமழைகளோடு கோடை மழையும் கிடைப்பதால் ரப்பர் செழிக்கிறது. மேலே மாறாமலையில் கிராம்பும் விளைகிறது. ஆனால் மழை நாளில் ரப்பர் மரத்தில் பால்வெட்டு நின்றுவிடும், சுவரில் பூஞ்சை ஏறும், புத்தக அலமாரி நாறும். மரங்களுக்கு நடுவே வாழ்வதில் வேறோர் ஆபத்தும் உண்டு: 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது இப்பகுதியில் ரப்பர் மரங்கள் ஏராளமாகச் சாய்ந்தன.

தோவாளையில் வெயிலும் காற்றும் தாராளம். பிச்சியும் மல்லிகையும் விடியுமுன் சந்தைக்கு வந்து, கேரளம் வரை போகின்றன. கன்னிப்பூ, கும்பப்பூ என்று இருபோகம் நெல் விளையும் நாஞ்சில் நாட்டு வயல்களும் இந்தப் பக்கமே. ஆனால் மழை குறைந்த இந்த நிலத்தை வளமாக்குவது தன் வானம் அன்று. 1906இல் கட்டி முடிக்கப்பட்ட பேச்சிப்பாறை அணையில் தேங்கும் மேற்கு மலைகளின் தண்ணீர், கோதையாறு பாசனத் திட்டத்தின் கால்வாய்கள் வழியாகத் தோவாளை வரை வருகிறது. குலசேகரத்தில் மழை பொய்த்தால் தோவாளை வயலுக்கும் தட்டுப்பாடு வரும் என்பதை, வறண்ட காற்றை மட்டும் கணக்கிட்டு இடம் வாங்குபவர்கள் மறந்துவிடுகிறார்கள்.

கடலோரத்தை இந்தப் போட்டியில் நான் சேர்க்கவில்லை. முட்டம் பாறைகளில் நின்று பார்க்கும் மாலை அழகுதான். எனினும் உப்புக்காற்றில் சன்னல் கம்பி துருப்பிடிப்பதைப் பொறுப்பவர்களே அங்கே வீடு கட்டலாம்.

தோட்டம் போட ஆசைப்படுபவருக்குக் குலசேகரத்தையும், புத்தகங்களையும் பத்தாயத்து நெல்லையும் காக்க வேண்டியவருக்குத் தோவாளையையும் சொல்வேன். எனக்கு இரண்டாவதே பிடிக்கும். சன்னலுக்கு நல்ல கொக்கி போட்டுக்கொண்டால் போதும். எந்தப் பக்கமானாலும் மாசியில் மனையைப் பார்த்துவிட்டு முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்த மாதத்தில் இரண்டு ஊரும் நல்ல ஊராகவே தெரியும்.