பண்ருட்டி முந்திரிக் கடை: பருப்பு அருமை, அட்டையில்தான் கோளாறு

பண்ருட்டி–கடலூர் சாலையில் வரிசையாக நிற்கும் முந்திரிக் கடைகளில் ஒன்று இது. பெயர் சொல்லவில்லை. என் குறை பக்கத்துக் கடைகளுக்கும் பொருந்தும். திண்டிவனத்தில் கல்யாண ஆர்டருக்கு இனிப்பு போடுகிறவன் நான். காஜு கத்லிக்கு இங்கேதான் பருப்பு எடுக்கிறேன்.

முதலில் சரக்கு. 320 ரகம் கிலோ 920 ரூபாய். ஒரு பவுண்டு எடைக்கு 300 முதல் 320 பருப்பு நின்றால் அந்தப் பெயர். 180, 240 என்றால் இன்னும் பருமன். கருகல் இல்லை, உள்தோல் ஒட்டிக்கொண்டிருக்கவில்லை, கடித்தால் மொறுக்கென்று உடைகிறது. சிக்கு வாடை துளியும் இல்லை. ஊறப்போட்டு அரைத்தால் விழுது பால் நிறத்தில் வருகிறது, பாகில் போட்டுக் கிளறும்போது எண்ணெய் பிரிந்து ஓடுவதில்லை. இனிப்புக் கடைக்காரனுக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

ஆனால் கத்லிக்கு முழுப் பருப்பு வாங்குவது பணத்தைக் கொட்டுவது. எப்படியும் அரைக்கத்தானே போகிறோம்? பிளந்த பாதி 840, சிறு உடைசல் 760. முழுசுக்கும் உடைசலுக்கும் இவ்வளவுதான் வித்தியாசமா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "டெல்லியைக் கேளுங்கண்ணே" என்று சிரித்தார்.

அதில் பாதி உண்மை. 2019 ஜூனில் மத்திய அரசு இறக்குமதிப் பருப்புக்கான குறைந்தபட்ச விலையைத் தூக்கியது: உடைசல் கிலோவுக்கு 288-இல் இருந்து 680, முழுப் பருப்பு 400-இல் இருந்து 720. அடுத்த மாத பட்ஜெட்டில் சுங்கவரி 70 சதவீதம். வியட்நாம் உடைசல் மலிவாக உள்ளே வரும் வழி அடைபட்டது. 2006 முதல் பருப்பு ஏற்றுமதியில் அவர்கள்தான் முதலிடம். அங்கே கொட்டை உடைப்பது மெஷின். இங்கே பண்ருட்டியை அடுத்த காடாம்புலியூர்ப் பக்கம் இன்னும் பெண்கள் உட்கார்ந்து, கொட்டை ஓட்டின் எண்ணெய் பட்டு விரல் கறுக்க, ஒவ்வொன்றாக உடைக்கிறார்கள். நம் ஏற்றுமதி 2011-12-இல் சுமார் 1.3 லட்சம் டன்; 2019-20-இல் கிட்டத்தட்ட அதில் பாதி. வெளிச்சந்தை போனாலும் உள்ளூர்ச் சந்தையாவது மிஞ்சட்டும் என்றுதான் இந்த வேலி. எனக்கு அதில் மனத்தாங்கல் இல்லை. நான் கூடுதலாகக் கொடுப்பதில் அந்தப் பெண்களுக்கு எவ்வளவு சேருகிறது என்று கேட்டபோதுதான் கடைக்கார அண்ணன் தராசைத் துடைக்க ஆரம்பித்தார்.

இப்போது அட்டை. "சுத்தமான நாட்டு முந்திரி" என்று வருஷம் முழுக்க ஒரே அட்டை. நம்மூர்க் கொட்டை பங்குனி, சித்திரை, வைகாசியில்தான் வரும். 2011-இல் அடித்த ‘தானே’ புயலில் சாய்ந்த தோப்புகளையும் கணக்கில் வையுங்கள். மற்ற மாதங்களில் ஷெட்டுகளில் உடைபடுவது பெரும்பாலும் தூத்துக்குடியில் இறங்கும் ஆப்பிரிக்கக் கொட்டை. தான்சானியா அறுவடை ஐப்பசியில் ஆரம்பிக்கும், ஐவரி கோஸ்ட்டில் மாசிவாக்கில். அங்கேயும் வியட்நாம்காரர்கள் நம்மோடு போட்டிபோட்டு வாங்குகிறார்கள். மேற்கு ஆப்பிரிக்க நாடான பெனின் 2024-இல் உடைக்காத கொட்டையை வெளியே விடுவதையே நிறுத்தியது, தன் ஊரிலேயே உடைக்க வேண்டும் என்று. 2018-இல் தான்சானியாவில் வியாபாரிகள் கேட்ட விலை கட்டாது என்று அரசே கிலோ 3,300 ஷில்லிங்குக்கு வாங்கி, மூட்டை தூக்கப் பட்டாளத்தை இறக்கியது. அங்கே ஒரு சட்டம் மாறினால் இங்கே மூட்டை விலை மாறும்.

ஆப்பிரிக்கக் கொட்டை மட்டம் என்று நான் சொல்லவே இல்லை. நான் கார்த்திகையில் வாங்கிய 320-உம் அதுவாகத்தான் இருக்க வேண்டும்; கத்லி பிரமாதம். அதை "பண்ருட்டியில் உடைத்தது" என்று எழுதி விற்றால் யார் வேண்டாம் என்பார்கள்?

வாங்கப் போகிறவர்களுக்கு: சித்திரையில் போய் நம்மூர்க் கொட்டை எது என்று கேளுங்கள், தனி மூட்டையைத் திறந்து காட்டுகிறார். சாம்பிள் தின்னக் கேட்டால் முகம் சுளிப்பதில்லை. பார்சல் என்றால் டின்னில் அடைக்கச் சொல்லுங்கள்; பையில் போட்டு அனுப்பினால் 320 விலைக்கு உடைசல்தான் வந்து சேரும்.