ஒரே கிணறு, இரண்டு தொடர்ச்சிகள்: 'ரசென்' பார்ப்பதா, 'ரிங் 2' பார்ப்பதா?

கிணற்றில் தள்ளப்பட்ட சடாகோ என்ற பெண்ணின் சாபம் ஒரு ஒளிநாடாவில் இருக்கிறது. அதைப் பார்த்தவர் ஏழு நாளில் சாவார், பிரதி எடுத்து இன்னொருவருக்குக் காட்டினால்தான் தப்பலாம். இந்தக் கதையைச் சொல்லும் ஜப்பானியப் பேய்ப்படமான 'ரிங்' பார்த்து முடித்தவர்கள் அடுத்து கேட்பது ஒன்றுதான்: இதற்கு இரண்டாம் பாகம் எது? பதில்தான் இரண்டாக இருக்கிறது. ஜோஜி ஈடா இயக்கிய 'ரசென்' ஒன்று, முதல் படத்தை எடுத்த ஹிடேயோ நகாடாவே இயக்கிய 'ரிங் 2' இன்னொன்று. இரண்டுமே, முதல் படத்தின் நாயகி ரெய்கோவின் முன்னாள் கணவன் ரியூஜி சாபத்தால் செத்துக் கிடக்கும் இடத்திலிருந்துதான் கதையை எடுக்கின்றன. ஆனால் ஒரு படத்தில் நடந்தது எதுவும் இன்னொரு படத்தில் நடக்கவே இல்லை. (இரண்டின் கதையையும் முடிவு வரைக்கும் பேசப்போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வாருங்கள்.)

1998 ஜனவரி 31 அன்று 'ரிங்', 'ரசென்' இரண்டும் ஜோடியாக ஒரே நாளில் ஜப்பானியத் திரையரங்குகளுக்கு வந்தன. தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளிருந்து சடாகோ ஊர்ந்து வந்ததைப் பார்த்து உறைந்துபோன கூட்டத்துக்கு, கையோடு அதன் தொடர்ச்சியும் தயார். முதல் படம் காட்டுத்தீ மாதிரி பரவியது, இரண்டாவது எடுபடவில்லை. சரி, அது இல்லாததாகவே இருக்கட்டும் என்று முடிவுகட்டி, அடுத்த வருடமே, 1999 ஜனவரி 23 அன்று, 'ரிங் 2' வந்தது.

'ரசென்' ஏன் எடுபடவில்லை என்பதற்கு, அது மோசமான படம் என்பதை விட நல்ல காரணம் இருக்கிறது. இரண்டு கதைகளுக்கும் மூலம் கோஜி சுசுகியின் நாவல்கள். 'ரிங்' 1991இல் வந்தது, 'ரசென்' 1995இல். முதல் நாவலிலேயே சடாகோவின் சாபத்தோடு பெரியம்மை கலந்திருக்கிறது. அவளைக் கிணற்றில் தள்ளியவனிடமிருந்து அவளுக்கு அந்த நோய் தொற்றுகிறது. அதனால் இரண்டாம் நாவல் வைரஸ், மரபணு என்று பேசும்போது, விதை ஏற்கெனவே போட்டதுதானே என்று வாசகர் தலையாட்டுவார். நகாடாவும் திரைக்கதை எழுதிய ஹிரோஷி தகஹாஷியும் அந்த அம்மையை அப்படியே எடுத்துவிட்டார்கள். அவர்களுடைய சடாகோ வெறும் ஆங்காரம். விளக்கமே கிடையாது, அதனால்தான் அத்தனை பயம். ஈடாவோ நாவலை விசுவாசமாகப் பின்பற்றினார். ஜப்பானிய மொழியில் 'ரசென்' என்றால் சுருள், டிஎன்ஏவின் சுருள்தான். படம் திடீரென்று நுண்ணோக்கியை எடுத்து நீட்டும்போது, ஒட்டுப்போட்ட துணி மாதிரி அது துருத்திக்கொண்டு நிற்கிறது.

ஆனால் அந்தப் படத்தில் ஒரு அப்பா இருக்கிறார். ஆண்டோ, பிரேதப் பரிசோதனை மருத்துவர். மகனைக் கடலில் பறிகொடுத்துவிட்டு, சாவதைப் பற்றியே நினைத்துக்கொண்டு நடமாடுகிறவர். அவருடைய மேசைக்கு வரும் உடல், கூடப் படித்த ரியூஜியுடையது. நண்பனின் வயிற்றைக் கிழித்து, உள்ளே ஒரு காகிதத் துண்டை அவர் கண்டெடுக்கும் காட்சியில், ஆண்டோவாக நடிக்கும் கோயிச்சி சாட்டோவின் முகத்தைப் பாருங்கள். அதிர்ச்சி இல்லை, அழுகை இல்லை. ஏற்கெனவே செத்துப்போன ஒருவர் இன்னொரு செத்தவரைப் பார்க்கிற மாதிரி இருக்கும். கடைசியில் மகனைத் திரும்பத் தருகிறேன் என்று பேரம் வரும்போது, உலகம் எக்கேடு கெட்டாலும் சரி என்று அவர் தலையசைக்கிறார். முதல் படத்தின் முடிவில் ரெய்கோ, மகனைக் காப்பாற்றத் தன் சொந்த அப்பாவிடம் ஒளிநாடாவை எடுத்துக்கொண்டு போனாளே, அதே கேள்விதான் இது. ஒரு பிள்ளைக்காக எத்தனை பேரைப் பலி கொடுக்கலாம்? அந்தக் கேள்வியை விடாமல் கடைசி வரைக்கும் கொண்டுபோனது 'ரசென்'தான். 'ரிங் 2' அதைத் தொடவில்லை.

பயம்? அது மட்டும் 'ரசென்'இல் இல்லை. சடாகோ இதில் முகம் காட்டுகிறாள், மயக்குகிறாள், ரியூஜியின் மாணவி மாயின் உடல் வழியாக மறுபடி பிறக்கிறாள். முகம் தெரிந்த பேயிடம் பாதி பயம் போய்விடுகிறது.

'ரிங் 2'இன் முதல் ஒரு மணி நேரம் அப்படியே நேர் எதிர். கிணற்றிலிருந்து எடுத்த சடாகோவின் உடலைச் சோதித்தவர்கள் சொல்வது: உள்ளே விழுந்தவள் உடனே சாகவில்லை, முப்பது வருடம் உயிரோடு இருந்திருக்கிறாள். இந்த ஒரு தகவல் போதும். இருட்டில், கழுத்தளவு ஈரத்தில், முப்பது வருடம்! அப்புறம் மண்டையோட்டின் மேல் களிமண் அப்பி அவள் முகத்தை மீட்டெடுக்கிறார்கள். அந்தக் களிமண் முகத்தில் கோரம் எதுவும் இல்லை, அமைதியாக இருக்கிறது. அதுதான் வயிற்றைக் கலக்குகிறது.

என்னை இன்றைக்கும் தொந்தரவு செய்வது ஒகஸாகியின் காட்சி. அவர் பத்திரிகையாளர். நாடாவின் பிரதியைக் கொடுக்கிற கனாயே என்ற மாணவியிடம், நீ பார்த்ததை நான் பார்த்துவிடுகிறேன் என்று வாக்குக் கொடுக்கிறார். பிறகு பயந்துபோய் அதை மேசை டிராயரில் போட்டு மூடிவிடுகிறார். அவள் செத்துப்போகிறாள். எடிட்டிங் அறையில் அவளுடைய பேட்டியை ஓட்டிப் பார்க்கும்போது, குனிந்த தலை திரையில் விட்டுவிட்டு உதறுகிறது, முடி முகத்தை மறைக்கிறது. கதவு சாத்திய சின்ன அறை, ஒரு மானிட்டர், வாக்குத் தவறிய ஒரு மனிதன். கென்ஜி கவாயின் இசை வேறு, எங்கேயோ இரும்பு உரசுவது மாதிரி காதோரத்தில் கிடக்கிறது. ஹெட்போன் போட்டுக்கொண்டு பார்த்த நான் பாதியில் அதைக் கழற்றினேன்.

மாய் தகானோவாக மிக்கி நகாதானி. இரண்டு தொடர்ச்சிகளிலும் அவர்தான் மாய் என்பதால் ஒப்பிட வசதி. 'ரசென்' அவரைக் கதையின் கருவியாக்குகிறது. 'ரிங் 2' அவர் தோள்மேல் முழுப் படத்தையும் ஏற்றுகிறது. சத்தம் போடாமல், கண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அவர் அதைச் சுமக்கிறார்.

அவ்வளவு பிரமாதமாகப் போகிற படம் கடைசியில் நீச்சல் குளத்தில் விழுகிறது. மருத்துவர் கவாஜிரி, சாபத்தின் சக்தியைத் தண்ணீருக்குள் இறக்கிவிடலாம் என்று ரெய்கோவின் மகன் யோய்ச்சிக்கு வயர்களை மாட்டி, குளத்துப் பக்கம் கருவிகளை அடுக்குகிறார். அமானுஷ்ய சக்தியை விஞ்ஞானத்தால் சோதிக்கிற இந்த யோசனைக்கு ஜப்பானிய வரலாற்றில் ஒரு வேர் உண்டு. டோக்கியோ இம்பீரியல் பல்கலைக்கழகத்தின் தொமொகிச்சி ஃபுகுராய், 1910இல் மிஃபுனே சிசுகோ என்ற பெண்ணின் ஞானதிருஷ்டியை அறிஞர்கள் முன் சோதித்துக் காட்டினார். மோசடி என்று பேச்சு கிளம்பி, மறு வருடமே அந்தப் பெண் விஷம் குடித்து இறந்தாள். தன் சக்தியைக் கூட்டத்தின் முன் காட்டி, மோசடி என்று தூற்றப்பட்ட சடாகோவின் அம்மா கதையில் அந்த நிழல் இருக்கிறது. ஆனால் குளத்துக் காட்சியில் அந்த வலி இல்லை, எந்திரங்கள்தான் இருக்கின்றன. விஞ்ஞான விளக்கம் வேண்டாம் என்று 'ரசென்'ஐ ஒதுக்கிய படம் சுற்றி வந்து அதே குழியில் விழுவதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

இன்னொரு குறை: ஏழு நாள் கெடு, பிரதி எடுத்தால் தப்பலாம் என்ற விதி, முதல் படத்தின் முதுகெலும்பே அதுதான். 'ரிங் 2' பாதி வழியில் அதை மறந்துவிடுகிறது. ரெய்கோவையும் சாலை விபத்தில் சட்டென்று முடித்துவிடுகிறது. 'ரசென்'ஆவது அந்த விதியை வளர்த்தது. நாடா போய் எழுத்து வழியாகவும் சாபம் பரவும் என்றது.

இருந்தாலும் நான் 'ரிங் 2' பக்கம்தான். ஒரே இரவில் ஒன்றுதான் பார்க்க முடியும் என்றால் அதையே பாருங்கள். குளத்துக்குப் பிறகு மாயும் யோய்ச்சியும் கிணற்றுக்குள் கிடக்கிறார்கள், மேலே போகக் கயிறு இருக்கிறது. கீழேயிருந்து சடாகோ சுவரில் விரல் பதித்து ஏறி வருகிறாள். முகத்தில் அந்தக் களிமண். எட்டிப் பிடிக்கும் தூரத்துக்கு வந்ததும் அவள் கொல்லவில்லை. உனக்கு மட்டும் ஏன் விடிவு என்று கேட்கிறாள், பிடி விட்டு விழுகிறாள்.